ஒரு விரல், இரண்டு கண்ணாடி

கீழ்வளவில் நாய் குரைத்து, வெங்கிடுசாமி மலையேறி வருகிறான் என்று தெரிந்தால் போதும், மேலே ஊத்துவளவு ஊரில் பாதிப் பேருக்குக் காட்டில் வேலை வந்துவிடும். களை பறித்து முடித்த ராகிக் காட்டுக்கே மறுபடியும் களை பறிக்கப் போனவர்கள் உண்டு. பேளுக்குறிச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் செங்குத்தாக ஏறி, மூச்சு வாங்க வந்து நிற்கிறவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவன் கையில் இருந்த மரப்பெட்டியைப் பார்த்த பிறகு பாவப்பட்டவர் யாரும் இல்லை. பெட்டிக்குள் வரிசையாகச் செருகிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தம். மலைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரத்தக்காரன்.

பெருமாயியால் மட்டும் ஓடி ஒளிய முடியாது. அவன் வந்து தங்குவதே அவள் வீட்டு மாட்டுக்கொட்டாயில்தான். மழைக்கு ஒழுகாத கொட்டாய் அது ஒன்றுதான் என்று ஊர்க்கவுண்டர் அப்பாசாமி சொல்லிவிட்டார். பெருமாயியின் புருசன் குப்புசாமியோ, ஊர்க்கவுண்டர் மழை கீழேயிருந்து மேலே பெய்கிறது என்றாலும் 'ஆமாங்க' என்கிற மனிதர். ஆக, மாதம் இரண்டு தடவை சர்க்கார் ஆளுக்குச் சாமைச்சோறு ஆக்கிப் போடுவது பெருமாயி தலையில் விழுந்தது.

அவன் வேலை என்னவோ சின்ன வேலைதான். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வாங்கி, இன்னொரு கண்ணாடியின் முனையால் அதைக் காலணா அகலத்துக்குப் பரப்பி, காயவிட்டுப் பெட்டியில் செருகுவான். அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் குளிர்காய்ச்சலுக்கென்று முகாம் போட்டிருந்தார்கள். அங்கே அந்தக் கண்ணாடிகளுக்குச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். ரத்தத்தில் காய்ச்சல் பூச்சி இருந்தால் கொயினா மாத்திரை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முன்பெல்லாம் நடுங்கினவனுக்கெல்லாம் கொயினா கிடைத்தது. அந்த மருந்துப் பட்டை வருகிற ஜாவாத் தீவைச் சண்டையில் சப்பான்காரன் பிடித்துக்கொண்டான். எங்கேயோ ஒருத்தன் ஒரு தீவைப் பிடித்ததற்குக் கொல்லிமலையில் ஒருத்தன் கம்பளிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது.

ரத்தம் எங்கே போகிறது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு ஏற்றுகிறார்கள் என்றார் ஒருவர். எங்கோ ரயில் பாலம் நிற்கவில்லை, தூணுக்குக் காவு கொடுக்க ஆள் பார்க்கிறார்கள், யார் ரத்தம் பொருந்துகிறதோ அவனைத் தூக்கிப் போவார்கள் என்றார் இன்னொருவர். சந்தையில் சாராயம் குடித்துவிட்டு வந்த அன்றைக்குக் கதை இன்னும் நீளும்.

பெருமாயி இந்தக் கதைகளை நம்பவில்லை. அவள் சந்தேகம் வேறு மாதிரி. வெட்டின நகத்தையும் கழித்த முடியையும்கூட மண்ணில் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பவள் அவள். கண்ட கையில் சிக்கினால் செய்வினைக்கு அது போதும். இங்கேயானால் ஊர் ரத்தம் மொத்தமும் ஒரு பெட்டிக்குள் ராத்திரி முழுக்க மாட்டுக்கொட்டாயில் தொங்குகிறது. அதைக் காப்பவன் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டான். படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவன். யார் வந்து அந்த ரத்தத்தை என்ன செய்தாலும் கேட்க நாதி இல்லை.

அவள் வீட்டில் காப்பாற்ற வேண்டிய பொருளுக்கு ஒரே இடம்தான். அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்ட மூங்கில் தட்டி. விதைச் சாமை அங்கேதான் இருக்கும். பிள்ளை பிறந்தால் உதிர்ந்த தொப்புள்கொடியைத் துணியில் முடிந்து அங்கேதான் வைப்பார்கள். நெருப்பும் புகையும் இருக்கிற இடத்தில் கெட்டது அண்டாது என்பது ஊத்துவளவில் குழந்தைக்கும் தெரியும். அதனால் பொழுது சாய்ந்து வெங்கிடுசாமி ஊர்க்கவுண்டர் வாசலுக்குப் பேசப் போனதும், பெருமாயி கொட்டாய்ச் சுவர் முளையில் மாட்டியிருந்த பெட்டியை எடுத்துவந்து தட்டியில் வைத்துவிடுவாள். பலாக்கட்டையைத் தள்ளி அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்வாள். கோழி கூப்பிடும்போது எடுத்துப் பழைய இடத்தில் மாட்டிவிடுவாள். பெட்டியை மாட்டின கையோடு மறந்துவிடுகிற ரகம் அவன்; விடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. பெட்டியில் யார் கையும் படக்கூடாது என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்ததால் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, குப்புசாமியிடம்கூட. மனசுக்குள் மட்டும், ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு சின்னப் பெருமை இருந்தது.

இரண்டு பொழுது ஊத்துவளவில் தங்கி, காட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் குத்திவிட்டு, மூன்றாம் நாள் காலையில் வெங்கிடுசாமி இறங்குவான். போகிற வழியில் கீழ்வளவு. அங்கே குத்த வேண்டியவர்களைக் குத்திவிட்டு அந்தியில் பேளுக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிடுவான். அடுத்த தடவை வரும்போது கீழ்வளவுக்காரர்களுக்கு மாத்திரைப் பொட்டலம் கொண்டுவருவான். ஊத்துவளவுக்கு வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூச்சி இல்லை என்று வந்திருக்கிறது, கசாயம் வைத்துக் குடியுங்கள் என்பான். சித்திரையிலிருந்து இதே பாட்டுத்தான்.

ஆவணியில் சின்னுசாமி செத்தான். குப்புசாமிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரே வாசலுக்கு எதிரெதிராக இரண்டு வீடு. நாள்விட்டு நாள் குளிரெடுத்து, கட்டிலோடு சேர்ந்து ஆடினான். மூன்று கம்பளி போட்டும் அடங்கவில்லை. கடைசியில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றிப் பிதற்றி ஓய்ந்தான். அவன் ரத்தத்தையும் இரண்டு தடவை கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் இல்லை என்றுதான் வந்தது. பெண்டாட்டி அத்தாயிக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவளுக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்தபோது பெருமாயியின் ஒரே மகன் மாதேஸ்வரன் படுத்தான். முந்தின நாள்வரை ஏர் பூட்டினவன். உழவு மாடுகள் கொட்டாயில் சும்மா நின்று அசைபோட்டன. வெளியே கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம், உள்ளே அவன் பல் கிட்டுகிற சத்தம். பெருமாயி மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துப் புகட்டினாள், ராகிக் கூழைக் கரைத்து வாயில் ஊற்றினாள். எல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. சின்னுசாமிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாதேஸ்வரன் ரத்தத்துக்கும் இல்லை என்றே வந்தது.

அன்றைக்கு அத்தாயி வாசலைக் கடந்து வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, கீழ்வளவுல இருக்கறவனுக்கெல்லாம் பூச்சி இருக்குது, நமக்கு மட்டும் இல்லியாமா? ஒரே ஊத்துத் தண்ணிதான குடிக்கறோம். இவன் இங்க குத்தறது ஒரு ரத்தம், அங்க காட்டறது ஒரு ரத்தம். நடுவுல மாத்தறான்."

"எதுக்குக் கண்ணு மாத்தோணும்?"

"நம்ம பங்கு மாத்திரை எங்கியோ போகுதுல்ல? என்ற ஊட்டுக்காரரோட மாத்திரைய எவனோ தின்னிருக்கான் அக்கா."

பெருமாயிக்கு அது சரியென்று பட்டது. அதற்கப்புறம் அவள் வெங்கிடுசாமி மேலேயே கண்ணாக இருந்தாள். அடுத்த தடவை அவன் ஊற்றுக்குக் குளிக்கப் போனபோது கொட்டாய்க்குள் புகுந்து அவன் பையை அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு மாற்று வேட்டி, புகையிலை, காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஈரத் துண்டோடு வந்தவன் முகம் சுண்டிப்போயிற்று.

மலையேறுகிற ஆட்களுக்கு முகாமில் கொடுப்பது அது என்றான். "எனக்கும் குளுருதுங்க அக்கா. திங்காம இருந்தா உங்க கொட்டாய்லயே செத்துக்கெடப்பேன்" என்றான். சொன்னது உண்மையா பொய்யா என்று பெருமாயி யோசிக்கவே இல்லை. திருடனுக்கு வாயில் பதில் இல்லாமல் போகுமா. காகிதத்தை அவன் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று பொழுது சாய்ந்ததும், இவனிடம் ஊர் ரத்தத்தை விட்டுவைக்கவே கூடாது என்று, பெட்டியைத் தட்டியில் வைத்து அடுப்பில் இன்னும் இரண்டு கட்டையைக் கூடுதலாகச் செருகினாள்.

மாத்திரை சமாசாரம் பெருமாயி வாயிலிருந்து விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அப்பாசாமிக் கவுண்டர் சந்தைக்கு இறங்கியபோது நேராக முகாமுக்குப் போய், எங்கள் ஊர்ச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டார். கேட்டதில் ஒரு பலன் இருந்தது. அடுத்த தடவை வெங்கிடுசாமியோடு டாக்டரே மலையேறி வந்தார்.

குள்ளமான மனிதர். வழியில் அட்டை கடித்துக் கால் இரண்டும் ரத்தமாக வந்து சேர்ந்தார். வெங்கிடுசாமியிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மலையேறச் சோம்பல்பட்டு, ஏதோ கோழி ரத்தத்தைத் தடவிக் கொண்டுவருகிறான் என்று அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். நேராக மாதேஸ்வரன் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவனுடைய மோதிர விரலைத் தானே குத்தினார். ஒரே விரலிலிருந்து இரண்டு கண்ணாடியில் ரத்தம் எடுத்தார். ஒன்றைத் தன் சட்டைப்பையில் இருந்த தகர டப்பியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை வெங்கிடுசாமி பெட்டியில் செருகச் சொல்லி, வழக்கம்போல அவன் இறங்கும்போது கொண்டுவரட்டும் என்றார். யாருக்கும் எதையும் விளக்கவில்லை, மோர் வாங்கிக் குடித்துவிட்டு அன்றே இறங்கிவிட்டார்.

ஒரு விரலுக்கு எதற்கு இரண்டு கண்ணாடி? பெருமாயிக்கு இப்போது டாக்டர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்று பார்ப்பதற்கென்றால் இன்னொன்று எதற்கு? பெட்டியில் இருந்தது அவள் பெற்ற பிள்ளையின் ரத்தம். அன்று சாயங்காலம் அதைத் தட்டியில் வைக்கும்போது, 'அக்கினியே, எம்புள்ளையப் பாத்துக்க' என்று கும்பிட்டுக்கொண்டாள்.

அடுத்த சந்தை கழிந்து டாக்டர் வெங்கிடுசாமியையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஓர் ஆள் தலைச்சுமையாகப் பூதக்கண்ணாடியே மலையேறி வந்தது. அதை ஊர்க்கவுண்டர் வாசலில் கவிழ்த்துப் போட்ட உரல்மேல் வைத்தார்கள். ஒளிந்துகொள்ளப் போனவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மாதேஸ்வரனைக் கம்பளியோடு தூக்கிவந்து ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள். பெருமாயி அவன் தலைமாட்டில் நின்றாள். அத்தாயி அவள் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தான் கையோடு கொண்டுபோன கண்ணாடியில் காய்ச்சல் பூச்சி எண்ண முடியாத அளவுக்கு இருந்தது என்றார். பெட்டியில் வந்த கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்றார். ஒரே பையன், ஒரே விரல், ஒரே நேரம். கூட்டத்தில் யாரோ, "மாத்தீட்டான்" என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு இளவட்டங்கள் வெங்கிடுசாமியைப் பிடித்து, மாட்டுக்கயிற்றால் கையைப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவன் திமிறக்கூட இல்லை.

டாக்டர் கையமர்த்தினார். பெட்டியில் வந்த கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ரத்தம் கருஞ்சிவப்பாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது.

"மாத்தியிருந்தா வேற ஆளோட நல்ல ரத்தம் இருக்கும், இப்படிக் கெட்டுப் போயிருக்காது. இது அந்தப் பையன் ரத்தமாத்தான் இருக்கணும். ஆனா இது சூடு பட்ட ரத்தம். நல்ல ரத்தம் தண்ணி பட்டதும் கரைஞ்சு போயிடும், பூச்சி மட்டும் தங்கும், சாயம் ஏத்திப் பாத்துக்கலாம். சூடு பட்டா வெந்த முட்டை மாதிரி இறுகிடும். உள்ள என்ன இருந்தாலும் தெரியாது" என்றார். பிறகு வெங்கிடுசாமி பக்கம் திரும்பினார். "சீக்கிரம் காயட்டும்னு அடுப்புல காட்டினியா?"

"இல்லீங்க. கொட்டாய்ல முளையில மாட்டறதுதானுங்க. நெருப்புப் பக்கமே கொண்டுபோனதில்லீங்க."

வேண்டுமென்றே சுட்டுக் கெடுத்திருக்கிறான் என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் இல்லை என்று வந்தால்தானே மாத்திரை அவன் பையில் தங்கும். கட்டினபடியே கீழே கொண்டுபோய்ப் போலீசில் விட வேண்டும் என்றார். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை.

டாக்டர் 'சூடு' என்ற சொல்லைச் சொன்ன கணத்திலேயே பெருமாயிக்கு விளங்கிவிட்டது. சித்திரையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அடுப்பில் தள்ளின கட்டை எல்லாம் கண்முன் வந்தது. சின்னுசாமி ரத்தமும் அந்தத் தட்டியில்தான் இருந்தது, இரண்டு தடவையும். தோளில் சாய்ந்திருந்த அத்தாயியின் உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். இனிமேல் அந்தப் பெட்டியைத் தொடாமல் இருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மாதேஸ்வரனுக்கு மாத்திரை டாக்டர் கையிலேயே இருக்கிறது. ஊருக்கும் இனி ஒழுங்காகக் கிடைக்கும். போகிறவன் கீழ்நாட்டான், அவனுக்கென்று அவன் சனம் இருக்கும். அவள் மனசு இவ்வளவையும் ஒரே மூச்சில் கணக்குப் போட்டது. தப்பு என்று தெரிந்தேதான் போட்டது.

அப்போது வெங்கிடுசாமி தலையை நிமிர்த்தி அவளைத் தேடினான்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க சோத்தைத் தின்னவன். பெட்டி எங்க தொங்கும்னு நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

அவன் பையை அவிழ்த்தவள் அவள், ஊரைத் தூண்டிவிட்டவளும் அவள். அவளையே அவன் சாட்சிக்கு அழைத்தான். பெருமாயிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

"அவுத்து உடுங்க அவியள" என்றாள். "நாந்தானுங்க வெச்சேன். பொழுது சாஞ்சதும் எடுத்துட்டுப் போயி அடுப்புக்கு மேல தட்டியில வெச்சுப்போடுவேனுங்க. விடியறதுக்குள்ள திரும்ப மாட்டிப்போடுவேன். அவியளுக்குத் தெரியாதுங்க. அல்லாருக்கும் இல்லீன்னு வந்ததுக்கு நாந்தானுங்க காரணம்."

"எதுக்கும்மா அப்படிச் செஞ்ச?" என்று டாக்டர் கேட்டார்.

"ஊரு ரத்தமுங்க. இவியள நம்பலீங்க. நெருப்புக் காக்கும்னு வெச்சேன்."

ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் டாக்டர் கத்தியிருக்க வேண்டும். அவரோ கையில் இருந்த கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகாம்ல பூதக்கண்ணாடி பாக்கறவனும் இந்த மாதிரி வந்ததெல்லாம் பாத்துட்டு, தெரியலைன்னு எழுதாம இல்லைன்னு எழுதியிருக்கான்" என்றார் கடைசியில். "நான் பூச்சி இருக்குன்னு வந்த கண்ணாடிய மட்டுந்தான் ரெண்டாந்தரம் பாத்தேன். மாத்திரை வீணாப் போகக் கூடாதேன்னு. இல்லைன்னு வந்தத நான் திருப்பிப் பாக்கவே இல்லம்மா. ஒண்ணக்கூட."

அவர் அதைச் சொன்னது பெருமாயிக்கு ஆறுதலாக இல்லை. அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு வாயிலிருந்து வருகிற சொல்லை. தோளில் இருந்த பாரம் எப்போது விலகியது என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தாயி உரலுக்கு எதிரே போய் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, மாத்திரை குடுத்திருந்தா என்ற ஊட்டுக்காரர் பொழைச்சிருப்பாருங்களா?"

"பொழைச்சிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

அத்தாயி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பெருமாயியைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் பெருமாயி தாங்கியிருப்பாள்.

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் அக்கா. கீழ்நாட்டான் கெடுத்துட்டான்னு இவன வெறுத்துக்கிட்டே என்ற காலம் போயிருக்கும். ஒரே வாசல்ல இருந்துக்கிட்டு உன்ன நான் எப்புடி வெறுக்கறது?"

பெருமாயி அழுதாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை, திட்டவும் வரவில்லை.

டாக்டர் மாதேஸ்வரன் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊரில் எல்லோர் ரத்தத்தையும் மறுபடியும் எடுக்க வேண்டும், பூதக்கண்ணாடி இங்கேயே இருக்கிறது, இங்கேயே பார்த்து இங்கேயே மருந்து தந்துவிடலாம் என்றார். வெங்கிடுசாமியின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஊசியை எடுத்தான். முதலில் யார் போவது என்று ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள்.

அத்தாயிதான் அவன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குத்துங்க" என்றாள்.

பெருமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தன் விரலைக் குத்தி முடித்த பிறகும் அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்து போகவில்லை.